வாசகர் கேள்வி – பதில்: ஃப்ளூ காய்ச்சலும் தடுப்பூசிக் கணக்கும்

இந்த இதழுக்கு வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் காய்ச்சலைப் பற்றியவையே. ஆனியிலும் ஆடியிலும் சாரல் விடாமல் விழும் குமரி மாவட்டத்தில் இது புதிதன்று. மேற்கே விளவங்கோட்டுப் பக்கத்தில் காய்ச்சலைப் ‘பனி’ என்றே சொல்வார்கள். அந்தச் சொல்லிலேயே எழுதியவர்களும் உண்டு. ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளுயன்சா பரவுவதையும் அதன் தடுப்பூசியின் பயனையும் கணக்கிட்டு அறிய முடியுமா என்று கேட்ட கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். நான் கணிதம் கற்பித்தவன், மருத்துவன் அல்லன். ஆகவே ஊசி போடுவது பற்றிய முடிவைத் தத்தம் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் முதலில் ஒரே ஒரு வீட்டில்தான் காய்ச்சல் வந்தது. சில வாரங்களில் பாதித் தெரு படுத்துவிட்டது. பிறகு யாரும் எதுவும் செய்யாமலேயே நின்றுபோனது. மீதிப் பேரை ஏன் விட்டுவைத்தது? இதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? (மீன் வியாபாரி, குளச்சல்)

பதில்: உண்மைதான். யாருக்கு வரும் என்று கணிதம் சொல்லாது. ஓர் ஊரில் ஏறத்தாழ எத்தனை பேருக்கு வரும், எவ்வளவு விரைவாக வரும், எதைச் செய்தால் எவ்வளவு குறையும் என்பதைச் சொல்லும்.

மீதிப் பேரை ஏன் விட்டுவைத்தது என்று தாங்கள் கேட்டிருப்பது, 1927-ஆம் ஆண்டில் வில்லியம் கெர்மாக், ஆண்டர்சன் மெக்கெண்ட்ரிக் என்னும் இரு ஸ்காட்லாந்து அறிஞர்கள் தங்கள் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுப்பிக்கொண்ட கேள்வி. தொற்றக்கூடியவர் ஒருவர்கூட மிஞ்சாதபோதுதான் கொள்ளைநோய் ஓய்கிறதா, அல்லது அதற்கு முன்பே ஓய்ந்துவிடுகிறதா என்பதே அவர்களின் ஐயம். மெக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்து, கசௌலியில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தை நடத்தியவர். கெர்மாக் ஆய்வுக்கூட விபத்து ஒன்றில் பார்வையை இழந்த பின்னும் ஆராய்ச்சியை விடாதவர். தங்கள் சமன்பாட்டை ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது, 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக் நோயால் வாரந்தோறும் இறந்தவர்களின் எண்ணிக்கை. இன்று உலகெங்கும் பாடநூல்களில் அச்சாகும் அந்த வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் நம் நாட்டில் ஒரு வாரத்தில் மாண்ட மக்கள். அதை வெறும் புள்ளியாகப் பார்க்க என்னால் முடிவதில்லை.

அவர்கள் செய்த முறை எளிது. ஊர் மக்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: நோய் இனி வரக்கூடியவர்கள், நோய் இப்போது இருப்பவர்கள், வந்து தேறியவர்கள். முதல் வகையினர் நோயாளியோடு பழகும்போது இரண்டாம் வகைக்குச் செல்கிறார்கள். சில நாட்களில் தேறி மூன்றாம் வகைக்குச் செல்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்ற வைக்கிறார் என்பதே இதில் உயிர்நாடியான எண். கொரோனா நாட்களில் நாளிதழ்களில் ‘ஆர் மதிப்பு’ என்று படித்திருப்பீர்களே, அதுதான். இங்கே அதைப் பெருக்க எண் என்று குறிப்பிடுகிறேன். ஆண்டுதோறும் வரும் ஃப்ளூவுக்கு அது பெரும்பாலும் 1.3 அளவில் இருக்கிறது. 1918-இல் உலகை உலுக்கிய ஃப்ளூவுக்கே ஏறத்தாழ 1.8 என்றுதான் பல ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

நாள் செல்லச் செல்ல நோயாளியைச் சுற்றி இருப்பவர்களில் ஏற்கெனவே வந்து தேறியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர் இருமும் இருமலில் ஒரு பகுதி அவர்கள் மீது பட்டு வீணாகிறது. அடுப்பில் காய்ந்த விறகுக்கு நடுவே ஈர விறகு கூடக் கூடத் தீ தாவ இடமில்லாமல் அணைவதைப் போல, காய்ந்த விறகு கொஞ்சம் மிஞ்சியிருக்கும்போதே நோய் அணைந்துவிடுகிறது. பெருக்க எண் 1.3 என்றால் ஊரில் 42 விழுக்காட்டினருக்கு வந்தபின் ஓயும் என்றும், 1.5 என்றால் 58 விழுக்காடு என்றும் சமன்பாடு சொல்கிறது. தங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வந்தது என்கிறீர்கள். சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் 1.4-க்குச் சற்றுக் குறைவான எண் கிடைக்கிறது. ஒரு தெரு தனித்த தீவு அன்று. காய்ச்சல் எல்லாம் ஃப்ளூவும் அன்று. இருந்தாலும் தாங்கள் கண்ணால் கண்டதும் ஏட்டில் உள்ளதும் இவ்வளவு அருகில் வருவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

இந்த எண் கிருமிக்கு மட்டும் உரியதன்று, ஊருக்கும் உரியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்கிறார்கள். ஆனால் இந்தச் சராசரியில் சுவரோடு சுவர் ஒட்டிய கடற்கரைச் சிற்றூர்களும் இருக்கின்றன. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கூப்பிடு தொலைவில் ஒரு வீடு என்று அமைந்த மலையோர ஊர்களும் இருக்கின்றன. ஒரே கிருமி குளச்சலில் ஓர் எண்ணோடும் பேச்சிப்பாறைப் பக்கத்தில் வேறோர் எண்ணோடும் நடமாடும்.

கேள்வி: சென்ற ஆண்டு பணம் செலவழித்து ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டேன். இரண்டே மாதத்தில் காய்ச்சல் வந்துவிட்டது. மருத்துவரைக் கேட்டால் பாதிப் பலன்தான் என்கிறார். பாதிப் பலன் உள்ள ஒன்றை எதற்காகப் போட வேண்டும்? (துணிக்கடை ஊழியர், மார்த்தாண்டம்)

பதில்: தங்கள் மனக்குறை நியாயமானது. ஆனால் ‘பாதிப் பலன்’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். சற்றுப் பொறுமையாகப் படிக்கும்படி வேண்டுகிறேன்.

முதலில், தங்களுக்கு வந்தது ஃப்ளூதானா என்பது பரிசோதனை செய்யாமல் தெரியாது. டெங்கு, எலிக்காய்ச்சல், வேறு பல சளிக் கிருமிகள் எல்லாம் மழைக்காலத்தில் காய்ச்சல் தரும். ஃப்ளூ தடுப்பூசி அவற்றைத் தடுக்காது. ஃப்ளூவே என்றாலும், அந்தக் கிருமி தன் மேலுறையை ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. எந்த வகையை எதிர்த்து ஊசி தயாரிப்பது என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி முடிவுசெய்கிறது. பெரும்பாலான ஊசிகள் கோழிமுட்டையில் கிருமியை வளர்த்துத் தயாரிக்கப்படுவதால், முடிவெடுத்து ஊசி கைக்கு வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் கிருமி மாறிவிட்டால் பலன் குறையும். நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் 40 முதல் 60 விழுக்காடு வரை பலன் கிடைக்கிறது. போட்டுக்கொள்ளாத நூறு பேரில் 10 பேருக்கு மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வரும் இடத்தில், போட்டுக்கொண்ட நூறு பேரில் நான்கு முதல் ஆறு பேருக்கு வரும் என்பது இதன் பொருள்.

இனி ஊர்க் கணக்குக்கு வருவோம். 10,000 பேர் உள்ள ஓர் ஊர். பெருக்க எண் 1.3; தொடக்கத்தில் யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லை என்று கொள்வோம். ஊசியே இல்லையென்றால் நோய் ஓய்வதற்குள் ஏறத்தாழ 4,230 பேருக்கு வரும். இப்போது 3,000 பேர் மட்டும் பாதிப் பலன் உள்ள ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் 1,500 பேருக்குப் பலித்தது, 1,500 பேருக்குப் பலிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். தொற்றக்கூடியவர்கள் 8,500 பேராகக் குறைகிறார்கள். பெருக்க எண் 1.3-இலிருந்து 1.1-க்குச் சற்று மேலே இறங்குகிறது. அப்போது எத்தனை பேருக்கு வரும்? ஏறத்தாழ 1,560 பேருக்கு. 4,230 எங்கே, 1,560 எங்கே! 2,670 பேர் குறைந்துவிட்டார்கள்.

இந்த 2,670-ஐப் பிரித்துப் பாருங்கள். ஊசி பலித்த 1,500 பேரில், ஊசி இல்லாமல் இருந்திருந்தால் 42 விழுக்காட்டினருக்கு, அதாவது 634 பேருக்கு நோய் வந்திருக்கும். அவர்களைக் காத்தது அவர்கள் உடம்பில் ஏறிய ஊசி. மீதி 2,030-க்கும் மேற்பட்டோரை, அதாவது நான்கில் மூன்று பங்கினரை, காத்தது அடுத்தவர் போட்டுக்கொண்ட ஊசி. அவர்களில் பலர் மருத்துவமனைப் படியே ஏறாதவர்கள். தங்களைப் போலப் போட்டும் பலிக்காதவர்களும் அவர்களுக்குள் அடக்கம். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன். பெருக்க எண்ணை 1.5 என்று மாற்றினால் 5,830 பேர் 3,390 பேராகக் குறைகிறார்கள்; அடுத்தவர் ஊசியால் காக்கப்பட்டோரின் பங்கு சற்றுக் குறைந்தாலும் பாதிக்கு மேலாகவே இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? ஃப்ளூவின் பெருக்க எண் ஒன்றுக்கு மிக அருகில் நிற்கிறது. ஒன்றுக்குக் கீழே இறங்கினால் எந்த நோயும் தானே அவிந்துவிடும். தட்டம்மைக்கு அந்த எண் 12 முதல் 18 வரை என்பதால், 92 முதல் 94 விழுக்காட்டினர் எதிர்ப்பாற்றல் பெற்றால்தான் அதை அடக்க முடியும். அங்கே பாதிப் பலன் உள்ள ஊசியால் நோயை நிறுத்தவே இயலாது. ஃப்ளூவின் எண் 1.3 என்றால், 23 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் கிடைத்தாலே பரவல் நிற்கத் தொடங்கும். ஊசியின் பலன் பாதி என்பதால் 46 விழுக்காட்டினர் போட்டுக்கொள்ள வேண்டும். பத்துப் பேரைக் கொண்டு தொடங்கும் ஒரு சங்கிலி, 1.3 என்ற எண்ணோடு பத்துப் படி (ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குத் தாவுவது ஒரு படி) தாண்டினால் 138 புதிய நோயாளிகளில் வந்து நிற்கும், 1.1 என்றால் 26 பேரில் நிற்கும். ஃப்ளூவுக்கு ஒரு படி என்பது ஏறத்தாழ மூன்று நாள். அப்படியானால் ஒரே மாதத்தில் இவ்வளவு வேறுபாடு.

உண்மையான ஊரில் எல்லாரும் எல்லாரோடும் ஒரே அளவில் பழகுவதில்லை. முந்தைய ஆண்டுகளின் எதிர்ப்பாற்றல் பலரிடம் மிஞ்சியிருக்கும். ஆகவே மேலே தந்த எண்களை நாகர்கோவிலுக்கோ கிள்ளியூருக்கோ அப்படியே பொருத்திவிடக் கூடாது. எண்கள் மாறலாம், அடுத்தவரைக் காக்கும் பங்கு பெரியது என்ற உண்மை மாறவில்லை.

கேள்வி: எனக்கு வயது 72, சர்க்கரை நோயும் உண்டு. பேரன் நான்காம் வகுப்புப் படிக்கிறான். பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் முதியவர்களுக்கு நோய் வராது என்று எங்கோ படித்தேன். அப்படியானால் அவனுக்குப் போட்டால் போதுமா? (ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், நாகர்கோவில்)

பதில்: போதாது, ஐயா. ஆனால் தாங்கள் படித்ததில் பெரிய உண்மை இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளில் நெருங்கிப் பழகும் ஆட்களின் எண்ணிக்கை பெரியவர்களுடையதைவிட அதிகம். கிருமியையும் அவர்கள் கூடுதல் நாட்கள் வெளியிடுகிறார்கள். முதியவர்களுக்கோ நோய் வந்தால் ஆபத்து அதிகம். ஊசி போட்டாலும் உடல் தரும் எதிர்ப்பாற்றல் குறைவு. ஆகவே நோயைப் பரப்பும் வாசலை அடைத்தால் உள்ளே இருப்பவர் காக்கப்படுவார் என்று கணித மாதிரிகள் நெடுநாளாகவே சொல்லி வந்தன. ஜப்பானில் 1962-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போடும் திட்டம் தொடங்கியது. பின்னர் அது கட்டாயமாக்கப்பட்டு, 1987-இல் தளர்த்தப்பட்டு, 1994-இல் கைவிடப்பட்டது. அந்த ஆண்டுகளின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, திட்டம் நடந்த காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 வரை இறப்புகள் தவிர்க்கப்பட்டன என்றும், ஊசி போட்ட ஏறத்தாழ 420 பிள்ளைகளுக்கு ஓர் உயிர் காக்கப்பட்டது என்றும் மதிப்பிட்டது. தவிர்க்கப்பட்டவற்றில் பெரும்பகுதி முதியோரின் இறப்புகள்.

பழைய பதிவுகளிலிருந்து பெறும் முடிவில் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம் என்று சிலர் ஐயம் எழுப்பினார்கள். அது சரியான ஐயமே. கனடாவில், வெளியுலகோடு அதிகம் கலவாமல் கூட்டாக வேளாண்மை செய்து வாழும் ஹட்டரைட் சமயத்தாரின் குடியிருப்புகளில் அதை நேரடியாகவே சோதித்தார்கள். குலுக்கல் முறையில் சில குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசியும், மற்றவற்றின் பிள்ளைகளுக்கு வேறொரு நோய்க்கான ஊசியும் போட்டார்கள். ஃப்ளூ ஊசி போட்ட குடியிருப்புகளில், ஊசியே போடாதவர்களுக்கும் நோய் 61 விழுக்காடு குறைந்தது. 2010-இல் வெளியான முடிவு இது. பிரிட்டன் 2013 முதல் பிள்ளைகளுக்கு மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்தைப் படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கியதிலும் கணித மாதிரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் கவனியுங்கள்: இந்தப் பலன் எல்லாம் ஊரில் ஏராளமான பிள்ளைகள் சேர்ந்து போட்டுக்கொண்டபோது கிடைத்தது. நம் நாட்டின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. அவரவர் செலவில் போட வேண்டியிருக்கிறது. தங்கள் பேரன் ஒருவன் மட்டும் போட்டுக்கொண்டால் அவன் வழியாகத் தங்களுக்கு வரும் வாய்ப்பு குறையும், அவ்வளவே. பால்காரர் வழியாகவும் கோவிலில் பக்கத்தில் அமர்ந்தவர் வழியாகவும் வருவதை அவன் ஊசி தடுக்காது. தங்கள் வயதுக்கும் சர்க்கரைக்கும் தங்களுக்கு நேரடியாகவே பாதுகாப்பு வேண்டும். இயன்றால் இருவரும் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்குத்தான் முடியும் என்றால், மருத்துவர் தடை சொல்லாதபட்சத்தில், தாங்கள் போட்டுக்கொள்வதே முறை என்பது என் கருத்து. பிள்ளைகளின் ஊசி ஊர் முழுவதும் கூடி எடுக்க வேண்டிய முடிவு. அதை ஒரு தாத்தாவின் பணப்பையிடம் விட்டுவைத்திருப்பது எனக்கு வருத்தமே.

கேள்வி: காய்ச்சல் பரவும் நாட்களில் கேரள எல்லையில் பேருந்துகளை நிறுத்திவிட்டால் நோய் நம் பக்கம் வராதல்லவா? (தேநீர்க் கடைக்காரர், களியக்காவிளை)

பதில்: ஒரு பக்கத்து ஊரில் நோய் எட்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று கொள்வோம். பெருக்க எண் 1.3-உம் படிக்கு மூன்று நாளும் என்றால் அவ்வளவுதான் வரும். அங்கிருந்து வருபவர்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டீர்கள். எட்டு நாள் கழித்து அங்கே நோயாளிகள் இரட்டிப்பாகிவிடுவார்கள். வரும் பாதிப் பேரில் நோயாளிகளின் எண்ணிக்கை பழைய அளவுக்கு வந்துவிடும். ஆகவே பாதிப் போக்குவரத்தை நிறுத்தினால் அலை எட்டு நாள் தள்ளிப்போகும்; அலையின் உயரம் குறையாது. பிரிட்டனையும் அமெரிக்காவையும் பற்றி 2006-இல் வெளியான ஒரு விரிவான மாதிரி, கொள்ளைநோயாகப் பரவும் ஃப்ளூவில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பயணத்தை அடைத்தால் ஒழிய இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாமதம் கிடைக்காது என்று காட்டியது. பெரிய சாலையைத் தவிர எத்தனை ஊடுவழிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகின்றன என்பது என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் கூலி வேலைக்கும் நாள்தோறும் போய்வருபவர்களை நிறுத்தி ஈட்டும் எட்டு நாளை, அந்த எட்டு நாளில் செய்யப்போகும் வேலை இல்லையென்றால், வீண் என்றே சொல்வேன்.

கேள்வி: மழை விடுமுறை விட்டால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் குறைகிறதா? என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. (இரண்டு பிள்ளைகளின் தாய், திருவட்டார்)

பதில்: தாங்கள் கண்டது சரியாக இருக்க வாய்ப்பு உண்டு, அம்மா. பிரான்சில் பள்ளி விடுமுறை நாட்களையும் ஃப்ளூ பதிவுகளையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வில், விடுமுறையின்போது பிள்ளைகளுக்கு நோய் பரவும் வேகம் 20 முதல் 29 விழுக்காடு குறைந்ததாகத் தெரிந்தது. பெரியவர்களுக்கிடையே மாற்றம் தெரியவில்லை. ஆனால் அவை இரண்டு வார விடுமுறைகள். ஒரு நாள் மழை விடுமுறையில் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் கூடி விளையாடினால் பலன் மிகக் குறைவே. காய்ச்சல் உள்ள பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வது அதைவிட உறுதியான வழி.

கேள்வி: ஊசி போட ஏற்ற மாதம் எது? ஒருவர் ஏப்ரல் என்கிறார், ஒருவர் அக்டோபர் என்கிறார். (பூ வியாபாரி, தோவாளை)

பதில்: இருவரும் தவறு சொல்லவில்லை. குளிர் நாடுகளில் ஃப்ளூ குளிர்காலத்தில் வருகிறது. நம் நாட்டில் காஷ்மீரின் ஸ்ரீநகர் அப்படித்தான். ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே உச்சம். டெல்லி, கொல்கத்தா போன்ற நகரங்களில் அது தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏறுகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் ஏறுகிறது. குமரி மாவட்டத்துக்கோ இரு மழையும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஆனியில் நனைந்தவர்கள் ஐப்பசியிலும் நனைவார்கள்.

ஊசி போட்டு எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எட்டு நாளில் இரட்டிக்கும் நோய், அந்த இரண்டு வாரத்தில் மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிடும். ஊரில் இருமல் சத்தம் கேட்ட பிறகு ஊசி போட ஓடுவது, அலை தலைக்கு மேல் வந்தபின் கட்டுமரத்தைத் திருப்புவதற்கு ஒப்பாகும். செப்டம்பரில் முடிவாகும் சேர்க்கையில் தயாரான ஊசி அடுத்த ஆண்டு கோடையில் கிடைக்கத் தொடங்கும். இடவப்பாதி மழைக்கு முன்பாக, மே மாதத்துக்குள் அதைப் போட்டுக்கொள்வது நமக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. தவறவிட்டவர்கள் புதிய சேர்க்கை வந்ததா என்று கேட்டு, கோட்டாறு சவேரியார் திருவிழாக் கூட்டம் சேரும் முன், அக்டோபர் தொடக்கத்திலாவது போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: இந்த மாதிரிக் கணக்குகள் எல்லாம் கொரோனாவுக்குப் பிறகு கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்தவை தானே? (பத்மநாபபுரம் வாசகர்)

பதில்: இல்லை. 1760-இல் டேனியல் பெர்னூலி என்னும் கணித அறிஞர், பெரியம்மைக்கு எதிராக அக்காலத்தில் செய்த அம்மைச் சீழ் குத்துதலால் சராசரி ஆயுள் எவ்வளவு கூடும் என்று பாரிஸ் அறிவியல் கழகத்துக்குக் கணக்கிட்டுக் காட்டினார்; ஏறத்தாழ மூன்று ஆண்டு என்பது விடை. அவர் கணக்குப் போட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1813-இல், ராணி கௌரி லட்சுமிபாய் ஆட்சியில் நம் பகுதியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அம்மை குத்துதல் தொடங்கியது. கணினி பின்னால் வந்த கருவி. அது மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் சான்று உண்டு. மக்கள் இணையத்தில் தேடும் சொற்களைக் கொண்டு ஃப்ளூவை மதிப்பிடும் முறையைக் கூகுள் நிறுவனம் 2008-இல் தொடங்கியது. 2012–13 பருவத்தில் அது அமெரிக்காவில் உண்மை அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காட்டியது. 2015-இல் அதை நிறுத்திவிட்டார்கள். காய்ச்சலைப் பற்றித் தேடுபவர் எல்லாரும் காய்ச்சல்காரர் அல்லர். செய்தியைப் படித்து அஞ்சியவரும் தேடுவார். நோய் எப்படித் தாவுகிறது என்ற அறிவு உள்ளே இல்லாத கணக்கு, எவ்வளவு பெரியதானாலும் இப்படி வழுக்கும்.

கேள்வி: நான் பிளஸ் டூவில் கணிதம் படிக்கிறேன். பெருக்க எண்ணை எங்கள் பள்ளியிலேயே கண்டுபிடிக்க முடியுமா? (மாணவி, திங்கள்சந்தை)

பதில்: முடியும், மகளே. உன் கடிதத்தைக் கண்டதும் இந்தத் தொகுப்பையே எழுத வேண்டும் என்று தோன்றியது.

1978-இல் இங்கிலாந்தில் ஓர் உறைவிடப் பள்ளியில் 763 மாணவர்களில் 512 பேர் இரண்டு வாரத்துக்குள் ஃப்ளூவால் படுத்தார்கள். நாள்தோறும் எத்தனை பேர் படுக்கையில் இருந்தார்கள் என்ற ஒரே ஒரு பட்டியல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. இன்றுவரை உலகெங்கும் மாணவர்கள் அதை வைத்தே இந்தச் சமன்பாடுகளைப் பழகுகிறார்கள். யாரோ ஒருவர் பொறுமையாகக் குறித்து வைத்ததன் பயன் அது.

நீயும் அப்படிச் செய்யலாம். தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, காய்ச்சலால் வராதவர்கள் என்று ஒவ்வொரு நாளும் புதிதாகச் சேர்பவர்களை மட்டும் எண்ணு; முந்தின நாளே வராதவர்களை மீண்டும் எண்ணிவிடாதே. மூன்று மூன்று நாட்களாகச் சேர்த்துக் கூட்டு. முதல் மூன்று நாளில் 6, அடுத்ததில் 8, அடுத்ததில் 11 என்று வந்தால், 8-ஐ 6-ஆல் வகுத்தால் 1.33, 11-ஐ 8-ஆல் வகுத்தால் 1.38. அதுவே உன் பள்ளியின் பெருக்க எண்ணுக்கு முதல் மதிப்பீடு. சிறிய எண்களில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் விடை குதிக்கும் என்பதால், ஒரு வகுப்பை மட்டும் எடுக்காமல் எல்லா வகுப்பையும் சேர்த்துக்கொள். பிறகு அந்த எண்ணிக்கைகளின் மடக்கையை எடுத்து வரைபடத்தாளில் குறித்தால், தொடக்கப் பகுதி ஏறத்தாழ நேர்கோடாக வரும். அது எந்த நாளில் வளையத் தொடங்குகிறது என்பதைப் பார். சனி, ஞாயிறுகளில் வருகைப்பதிவு இல்லை என்பதால் திங்கட்கிழமை எண்ணிக்கை வீங்கித் தெரியும். அதைப் பிரித்து எழுத ஒரு வழி யோசி.

யாருடைய பெயரையும் எழுத வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். மழை விடுமுறை விட்ட நாட்களை வேறு நிற மையால் குறித்து, அதற்கு மூன்று நான்கு நாள் கழித்துக் கோடு தாழ்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது. திருவட்டாரிலிருந்து கேட்ட அந்தத் தாய்க்கு நம் மாவட்டத்து விடையை அடுத்த இதழில் சொல்லலாம்.